முப்பது நாள் என்று எழுதியவன்

மார்ச் 4

பழைய வழக்குக் கட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருத் தையல்கார அம்மா வந்தார். சாலையை அகலப்படுத்த அவருடைய வீட்டை இடிக்கப்போவதாக நகராட்சி நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. கடையும் அதே வீட்டின் முன்னறைதான். நோட்டீஸ் வந்து நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரியிலேயே கிடந்திருக்கிறார். "நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் ஐயா இருந்தேன்" என்றார்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் கெடு. 'எக்காரணம் கொண்டும் தாமதத்தை மன்னிக்கலாகாது.' சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியதே நான்தான்.

மார்ச் 5

அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 6

ஒழுங்காக எழுதிவைக்கிறேன், எனக்காவது தெளிவாகட்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கட்சியில் இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொண்டபோது, யாருக்கும் பகையில்லாதவன் என்று என்னைப் பிடித்துத் தேர்தலில் நிறுத்தினார்கள். எப்படியோ ஜெயித்தும்விட்டேன். ஐந்து வருடம் சட்டசபையில் வாயே திறக்கவில்லை. கேள்விகளை எழுதி எடுத்துப்போவேன். எழுந்திருக்கக் கால் வராது. 'பொம்மை' என்று பெயர் வைத்தார்கள்.

நகராட்சி மசோதாவை ஆராய்ந்த குழுவில் மட்டும், 'நியாயமான காலத்துக்குள்' என்றிருந்தது என்னை உறுத்தியது. எது நியாயமான காலம்? யார் சொல்வது? அதை அடித்துவிட்டு முப்பது நாள் என்று எழுதினேன். மன்னிக்கலாகாது என்பதையும் சேர்த்தேன். "வக்கீல் கை பட்டா தனிதான்" என்றார் குழுத் தலைவர். ஐந்து வருடத்தில் நான் செய்த ஒரே காரியம் அது. இத்தனை நாளும் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

மார்ச் 12

நீதிமன்றம். கெடு தாண்டியும் மனுவைக் கொடுத்துப் பார்த்தேன். "தாமதத்தை மன்னிக்க எனக்கு அதிகாரமே இல்லையே சார். எழுதினவர் ஒரு சந்துகூட விடாம அடைச்சிருக்காரு" என்றார் நீதிபதி. ஒரு கணம் — வெட்கம்தான், ஆனால் உண்மை — பாராட்டியதுபோல இருந்தது. ஆனாலும் மனுவை ஏற்பதா என்பதை ஜூன் 10 அன்று சொல்வதாகவும், அதுவரை வீட்டைத் தொடக் கூடாது என்றும் உத்தரவிட்டார். வெளியே நகராட்சியின் வக்கீல் தோளில் தட்டினார்: "நீங்க சபையில தூங்கிட்டிருந்தப்போ பாஸ் பண்ணிட்டாங்களா சார்?"

தூங்கியிருக்கலாம்.

மார்ச் 15

மனைவியிடம் சொன்னேன். "அந்தம்மாகிட்ட சொல்லியாச்சா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

மார்ச் 16

சொல்லிவிட்டேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை. மடிப்பைத் தைத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எங்க மேல ஏதாச்சும் கோவமா ஐயா?"

"இல்லம்மா. ஒழுங்கா இருக்கட்டும்னுதான்..."

"ஆள நிக்கவெச்சு அளவெடுக்காம நான் ஒரு சட்டைகூட வெட்டமாட்டேன். நீங்க ஊருக்கே வெட்டியிருக்கீங்க. யார நிக்கவெச்சு அளவெடுத்தீங்க?"

யாரையும் இல்லை. அடுத்த துணியை எடுத்தபடி அவரே கேட்டார்: "பிரிச்சுத் தைக்க வழியிருக்கா?"

மார்ச் 20

வழி ஒன்றுதான். நகராட்சிச் சட்டத்துக்கு வேறொரு திருத்தம் இந்தச் சட்டசபைக் கூட்டத்தொடரிலேயே வருகிறது. அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் என்னைத் தோற்கடித்த இப்போதைய உறுப்பினர், முன்னாள் பஸ் கண்டக்டர். அவர் வீட்டு வாசல் பெஞ்சில் மற்றவர்களோடு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மூன்று முறை எழுந்து போய்விட நினைத்தேன்.

"உள்ள வாங்கண்ணே, எடம் இருக்கு" என்றார், பழைய தொழில் குரலில். நான் எழுதிப்போனதைப் படித்தார். "செய்யலாம். ஆனா இது யார் விட்ட தப்புன்னு கேப்பாங்களே?"

"குழு..." என்று ஆரம்பித்தேன்.

"குழுன்னு சொன்னா ஆளாளுக்குச் சண்டைக்கு வருவாங்க. ஒரே ஆள் பேர் இருந்தா சுருக்கா முடியும். யோசிச்சுக்கங்கண்ணே. சபைக் குறிப்புல ஏறிட்டா அழியாது."

மார்ச் 23

உறுப்பினர் சபையில் வாசிக்க எழுதிய கடிதத்தின் முதல் மூன்று வரைவுகளும் 'குழுவின் கருத்துப்படி' என்றே தொடங்கின. நான்காவது 'நான்' என்று தொடங்குகிறது. அதைக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 17

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். உறுப்பினர் என் கடிதத்தை வாசித்தார். "பொம்மை பேசிடுச்சு" என்று யாரோ சொல்ல, சபை சிரித்தது. முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது: தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம், நிலுவையிலுள்ள மனுக்களுக்கும் பொருந்தும். எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம்.

ஜூன் 10

மனு ஏற்கப்பட்டது.

"ஜெயிச்சுட்டமா ஐயா?"

"இல்லம்மா. வழக்கே இனிமேதான்."

"அப்ப வீட்டுக்குப் போய்த் தைக்கலாமா?"

"தைக்கலாம்."

ஜூன் 18

திருத்தம் வந்ததைக் கேள்விப்பட்டுப் பூட்டு ரிப்பேர் செய்யும் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். நான்கு வருடத்துக்கு முன்பு அவர் மனுவோடு போனது முப்பத்தாறாவது நாள். வாங்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "என் கடை இருந்த எடத்துலதான் இப்ப பஸ் திரும்புது" என்றார். இடித்து முடித்ததற்குத் திருத்தம் பொருந்தாது. அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். போகவிட்டிருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"கொஞ்சம் உக்காருங்க" என்றேன். "அந்த முப்பது நாளை எழுதினது யாருன்னு சொல்றேன்."