கடைசித் துண்டு கேக்

பெமிட்ஜி, மினசோட்டா
டிசம்பர் 16

அன்புத் தங்கை ரூனாவுக்கு,

இன்று காலை முதல் வேலையாக வாசற்படியில் பனியைத் தள்ளினேன். ஸ்வேயா எழுந்ததும் என் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்றுதான். அவள் ஆசைப்பட்ட கல்லூரி நேற்று இடம் உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மார்ச்சில் மறுபடி பார்ப்பார்களாம். இன்னும் விருப்பம் இருந்தால் ஒரு பக்கக் கடிதம் எழுதலாமாம்.

பெண் அழக்கூட இல்லை. "இன்னும் மோசமாகூட ஆகியிருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு ஏரிக்குப் போய்விட்டாள். பிறகு வந்து எழுதியதைப் பார்: 'உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் என்னை மறுபடி பரிசீலிக்கலாம். என்னைவிடத் தகுதியானவர்கள் இருந்தால் அவர்களுக்கே கொடுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.'

எவ்வளவு மரியாதை! அவள் அப்பா ஆர்னேவுக்கும் பிடித்திருக்கிறது. நீயும் ஒருமுறை பார். வேலை இருந்தால் விட்டுவிடு.

உன் அக்கா,
மாரிட்

நியூவர்க்
டிசம்பர் 21

அருமை அக்கா,

சிரித்த சிரிப்பில் காபியைக் கொட்டிவிட்டேன். என்னக்கா இது, கல்லூரிக்கு எழுதினதா, சர்ச் விருந்துல கடைசித் துண்டு கேக்கை வேணாங்கறதா?

நம் ஊரில் மூன்று முறை வற்புறுத்தினால்தான் கையை நீட்டுவோம். அது தருகிறவருக்கும் தெரியும். இங்கே ஒரு தடவை 'வேண்டாம்' என்றால் தட்டு அடுத்த ஆளிடம் போய்விடும். வந்த புதிதில் எத்தனை விருந்திலிருந்து பசியோடு திரும்பினேன் தெரியுமா!

முதல் வரியிலேயே எழுதச் சொல்: 'நீங்கள்தான் என் முதல் விருப்பம். இடம் கொடுத்தால் நிச்சயம் வருவேன்.' விண்ணப்பித்த பிறகு அவள் புதிதாக என்ன செய்தாள் என்பதையும் எழுதட்டும். ஏதாவது செய்திருப்பாள், கழுதை சொல்லியிருக்க மாட்டாள்.

முத்தங்களுடன்,
ரூனா

பெமிட்ஜி
ஜனவரி 5

அன்பு ரூனா,

நீ சொன்னது சரி. ஏரியின் பனிக்கட்டியில் துளையிட்டுத் தண்ணீரைச் சோதிக்கிறாளே, அதில் காற்று குறைந்திருப்பதைக் கண்டுபிடித்து நகராட்சியிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஏரிக்குள் காற்று விடும் குழாயைத் திறந்துவிட்டதால் மீன்கள் பிழைத்தனவாம். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆர்னே இதைக் கேட்டு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்ககிட்டகூட நீ சொல்லலையேடி!"

"நீங்க கேக்கலையேப்பா."

அதை எழுதச் சொன்னால், "தம்பட்டம் அடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்கிறாள்.

"நடந்ததா இல்லையா?"

"நடந்துச்சு. அதுக்காக வெளிய சொல்லணுமா?"

'நிச்சயம்' என்ற சொல்லை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். "காகிதம் ஏரிப் பனி மாதிரி ஓட்டையாயிடும், அப்புறம் அதுல மீன்தான் பிடிக்கலாம்" என்றார் ஆர்னே. சிரித்துக்கொண்டே எழுதி முடித்தாள். அனுப்பிவிட்டோம். அவளைவிட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மாரிட்

பெமிட்ஜி
மார்ச் 28

என் ரூனா,

கிடைத்துவிட்டது! ஸ்வேயா கத்தினாள். அந்தக் குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆர்னே "பரவால்ல" என்றார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை "பரவால்ல" என்றார். அவருக்கு அது நடனமாடியதற்குச் சமம்.

இனி நான் எழுதுவதை வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் வீட்டுக்கு வரச்சொல்லி நீ ஒருமுறை கூப்பிடுவாய். "உனக்கு எதுக்குடி சிரமம்" என்பேன். சரி என்று விட்டுவிடுவாய். நீயும் அந்த ஊர்க்காரியாகிவிட்டாய் என்று மனத்துக்குள் கோபித்துக்கொண்டு இத்தனை வருடம் இங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மே மாதம் வருகிறேன். பத்து நாள் இருப்பேன். உனக்குச் சிரமம்தான்.

நிச்சயம் வருவேன்,
மாரிட்