ஏர்த் வயர்ப் படம் உள்ள பக்கம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
18.08.1996

அன்பு மகன் குகதாசனுக்கு,

கோணேசப் பெருமான் காவலில் அம்மாவும் நானும் உடம்புக்குச் சுகம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் அப்படியே இருக்க வேண்டும். மனச்சுகத்தைப் பற்றிப் பிறர் பிரித்துப் பார்க்கும் கடிதத்தில் எழுத ஏலாது. அதனால்தான் இதை இங்கே தபாலில் போடாமல், கொழும்புக்குப் போகும் இராசமலர் மாமியின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ரெக்கோட் பாட்டின் சத்தத்தைக் கூட்ட நீ உன் சிநேகிதனிடம் கொடுத்துவிட்ட சின்னப் பெட்டி போன மாதமே கிடைத்தது. பழைய ரெக்கோட் பிளேயரைப் புதுச் செற்றில் நேரே கொடுத்தபோது கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல இருந்தது, உன் பெட்டியை நடுவில் வைத்ததும் சத்தம் எழும்பியது, ஆனால் பாட்டு உடைந்து கரகரத்தது. கைக்கு எட்டியதை எல்லாம் திருகிப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் றேடியோ திருத்தும் அன்ஸாரைக் கூட்டிவந்தேன். கிண்ணியாவில் இருந்து தினமும் வந்துபோகும் பொறுமைசாலி. பெட்டியின் பின்பக்கச் சுவிச்சை எங்கள் பிளேயர் ஊசிக்கு ஏற்ற பக்கம் தள்ளினார், உடைசல் நின்றது, இரைச்சல் நிற்கவில்லை. இரைந்தால் ஏர்த் வயர் கொடுங்கோ என்று நீ கடிதத்தில் படம் கீறியிருந்தாய்தானே, அதைப் பார்த்து பிளேயரின் வயரைப் பெட்டித் திருகில் முடுக்கி, அங்கிருந்து இன்னொரு வயரை யன்னலால் இழுத்துக் கிணற்றடி இரும்புக் குழாயில் கட்டினார். இரைச்சல் பட்டென்று அடங்கியது. அம்மா குசினி வேலையை விட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்து இரண்டு பாட்டுக் கேட்டா. பிறகு வழக்கம்போல உன் கடிதத்தை அடுப்பில் வைத்தா. வெளிநாட்டுக் கடிதம் வீட்டில் இருந்தால் கரைச்சல் என்று இங்கே எல்லாரும் செய்வதுதான், நானும் தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலமை ஆமி சுற்றிவளைப்பு. வீட்டுக்குள் வந்தவர்கள் அலுமாரியைக்கூடத் திறக்கவில்லை, யன்னலால் போன வயரைத்தான் பார்த்தார்கள், யாருக்கோ செய்தி அனுப்பும் வயர் என்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவர்களும் பயந்தவர்கள்தானே. துறைமுகக் கந்தோரில் முப்பது வருஷம் பேசிய சிங்களம் அன்றைக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. பாட்டுக் கேட்க என்றேன், போட்டுக் காட்டச் சொன்னார்கள். கரண்ட் இல்லை. இது இன்ன சாமான் என்பதற்குக் கடதாசி எங்கே என்றார்கள், பெட்டி வெறும் பெட்டியாக வந்தது, உன் கடிதமோ சாம்பல். வயரை யார் இழுத்தது என்று பெரியவர் கேட்டார். மகன், அவர்கள் என்னை அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. நானாகவே அன்ஸாரின் பெயரையும் கடையையும் சொல்லிவிட்டேன்.

பெட்டியையும் வயரையும் எடுத்துப்போனார்கள், போகிற வழியில் கடையில் இருந்த அன்ஸாரையும். பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. அடுத்த நாள் முகாம் வாசலில் போய் நின்று கேட்டேன், பெட்டியோடு கம்பனி கொடுத்த புத்தகத்தைக் கொண்டுவா, பிறகு பார்ப்போம் என்றார்கள். அதிலிருந்து தெருவில் வாகனம் நின்றாலே யன்னலடிக்கு ஓடிப் பார்க்கிறேன், எனக்காகவும் பயம், அந்த மனுசனுக்காக அதைவிடப் பயம். அவர் மனைவி மைமூனா தினமும் கிண்ணியாத் துறையைப் படகில் கடந்து வந்து, அம்மா பாட்டுக் கேட்ட அந்தக் கதிரையில் இருக்கிறா. பெயர் சொன்னது நான்தான் என்று அவவிடம் சொல்லிவிட்டேன். ஓம், தெரியும் என்றா. திட்டினால் ஆறுதலாக இருக்கும், திட்டுகிறாவில்லை. மகன்ட புத்தகம் வந்திட்டுதா ஐயா என்று மட்டும் கேட்கிறா.

ஆகவே மகன், அந்தப் பெட்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடு. எறிந்திருந்தால் வாங்கிய கடையில் போய்க் கேள். ஏர்த் வயர்ப் படம் உள்ள பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மாமியின் கொழும்பு விலாசத்துக்கு அனுப்பு, அவ கொண்டுவந்து தருவா. ரெலிபோனில் இந்தக் கதை எடுக்காதே. வேறு எந்தச் சாமானும் எங்களுக்கு அனுப்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் கம்பளித் தொப்பி போடாமல் வெளியே இறங்காதே, அம்மா இதை இரண்டு தரம் எழுதச் சொன்னா. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னைச் சூழ்ந்திருக்கும். புத்தகத்தோடு நாலு வரி நீயும் எழுது, இந்தமுறை அம்மா அதை எரிக்க மாட்டா.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சி. அருளம்பலம்