மூன்றால் வகுத்த வரி

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்பின் மனைவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையுமில்லை. மகள் றினோஸாவுக்கு இருமல் சுகமா?

நீ போகச் சொன்ன அன்று, அவசரத்தில் உன் கணிதக் கொப்பியும் என் பையில் வந்துவிட்டது. இன்றுதான் விரித்துப் பார்த்தேன்.

3(x − 7) = 12. முதலில் அடைப்பை நீக்கு என்று வகுப்பில் இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன். நீ நீக்காமல், இரு பக்கத்தையும் மூன்றால் வகுத்திருந்தாய். நீ திருத்தக் கொண்டுவந்தபோது, இரண்டாம் வரியைக் கண்டதுமே சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன்.

"பிழையா?" என்று கேட்டாய்.

"ஓம், பிழைதான். முப்பத்தாறு வயசில உனக்கு என்னத்துக்குப் புள்ள ஓ.எல்.?" என்றேன்.

அந்தக் கிழமைதான் உன் ஓ.எல். பரீட்சை விண்ணப்பத்தை அனுப்பாமலே, அனுப்பிவிட்டேன் என்றேன். கணித மாஸ்டரின் பெண்சாதி கணிதத்தில் பெயிலானால் ஊர் என்ன கதைக்கும் என்ற பயம். தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீ தையல் மெஷினை விட்டு எழுந்து கேற்றடிக்குப் போவாய். "அட்மிஷன் கார்ட் இன்னும் வரல்லியே" என்பாய். "வரும்" என்பேன். பரீட்சை தொடங்கிய நாளில்தான் உனக்கு உண்மை தெரிந்தது.

வீடு உன் சீதன வீடு. போகச் சொன்னது நியாயம்தான்.

உன் விடை பதினொன்று. அது சரி. அதைத் திரும்ப x இருந்த இடத்தில் போட்டு, பன்னிரண்டு வருகிறதா என்று கீழே சரிபார்த்தும் இருக்கிறாய். நான் வெட்டிய கோடு அந்த வரிக்கு மேலாலும் போகிறது.

இப்படிக்கு,
மகளின் வாப்பா