எண்ணிப் பார்த்து வாங்கு

சிஞ்சு, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? தைதுங்கில் மழை விட்டதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், அந்தக் கேள்வி வேண்டாம்.

ஜெயித்துவிட்டேன் அப்பா! நிலநடுக்கக் கருவிகள் அனுப்பும் செய்திகளை வாங்குகிற எங்கள் சி மொழி நிரல் மூன்று முறை படுத்துவிட்டது. நம் ஊர்ப் பள்ளிகளில் எச்சரிக்கை மணி அடிக்கப்போவதே அதுதான். இயந்திரம் அடம்பிடிக்காமலிருக்க இங்கே எல்லாரும் நம்பி மேலே வைக்கும் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் காலாவதியாகிவிட்டதென்று மேலாளர் சுவாங் குதித்தார். புதுப் பொட்டலம் வைத்தோம், மறுபடியும் படுத்தது.

காரணத்தை நான் கண்டுபிடித்தேன். சில செய்திகளின் தொடக்கத்தில் "நூறு அளவுகள்" என்றிருக்கும், உள்ளே பத்துதான் இருக்கும். நிரல் அதை நம்பி, இல்லாத தொண்ணூறைத் தேடிப் போய் மாட்டிக்கொள்ளும். நீங்கள் ஊரிலிருந்து அனுப்பும் சாப்பாட்டுப் பெட்டிமேல் ஒட்டும் பட்டியலை வைத்து நான் ஒவ்வொன்றாக எண்ணுவேனே, அதையே நிரலுக்கும் கற்றுக்கொடுத்தேன். எண்ணிக்கை பொருந்தாத செய்தியை இப்போது வாசலிலேயே திருப்பிவிடுகிறது.

நேற்று சுவாங்கே ஆயிரம் பொய்ச் செய்திகளை அனுப்பிப் பார்த்தார். ஒன்றும் உள்ளே நுழையவில்லை.

"இனிமே பொட்டலம் எதுக்கு? மெஷின் மேல நீயே ஏறி உக்காந்துக்கோ, பெய்ஷான்!" என்றார்.

அடுத்த பெட்டியில் உலர்ந்த மூங்கில் குருத்து வையுங்கள். பட்டியலில் எழுதாத ஏதாவது ஒன்றையும் வையுங்கள். அதை மட்டும் திருப்ப மாட்டேன்.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் பெய்ஷான்