ஆலை வாசலில் நாலு வரி

எர்ணாவூர், 14.4.2001

அன்புள்ள புஷ்பத்துக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? நம் மகள் மகிமா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

எங்கள் ஆலை வாசல் கரும்பலகையில் தினமும் பாதுகாப்பு வாசகம் எழுதுவது என் வேலை. திங்கட்கிழமை, எதிரே பூத்திருந்த தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்துவிட்டு, கை தானாக வேறெதையோ எழுதிவிட்டது:

புகையைக் குடித்தும்
பூவைத் தந்தாய்.
குனிந்தே நடந்தவன்
நிமிர்ந்தேன், நன்றி.

சூப்பர்வைசர் திட்டி அழிக்கவைத்தார், அவ்வளவுதான். மறுநாள் லாரி டிரைவர் அன்பரசன் வண்டியை நிறுத்தி, "இன்னா நைனா, இன்னிக்கு மரத்தப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்றான். அதனால் வாசகத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி எழுதிவருகிறேன்.

இங்கே இருப்பது அந்த ஒரு மரம்தான். எழுதித் தீர்ந்துவிட்டது. நீ அங்கே பார்ப்பதை, மழையோ மைனாவோ, எழுதி அனுப்பு. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. பலகைக்காகத்தான் கேட்கிறேன்.

சங்கு ஊதிவிட்டது.

உன்,
ஞானதாஸ்