பத்தாம் நாள் குளியல்

ஜூலை 8, செவ்வாய்
சாரல். மூன்று நாளாக என் வேட்டி காயவில்லை, உலகத்துக்கே பேரிழப்பு.

தங்கை செல்விக்கு மார்பில் புற்றுநோய். இரண்டாவது கீமோ ஏற்றி இன்று பத்தாம் நாள். அவள் மகள் கவிதா பிரிட்ஜில் ஒரு தடைப் பட்டியல் ஒட்டியிருக்கிறாள். கூட்டம் கூடாது. பச்சையாக எதுவும் கூடாது. காய்ச்சல் நூறைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. ராணுவத்தில்கூட இத்தனை சட்டம் கிடையாது.

கவிதா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனதும் இலத்தூர் மகாராஜா (அரை ஏக்கர்) ஆகிய நான் ஆணையிட்டேன்: "ஏட்டி செல்வி, கெளம்பு. குத்தாலத் தண்ணி ஆயிரத்தெட்டு மூலிகைல உருண்டு வருது. அதுல நின்னா ஒன் கேன்சர் செங்கோட்டை தாண்டி கேரளாவுக்கே ஓடிரும்."

சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. ஆட்டோவில் ஐந்தருவி. பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். நான் வெளியே, மிளகாய் பஜ்ஜியோடு. மொட்டைத் தலையில் துண்டு சுற்றி நடுங்கிக்கொண்டே வந்தாள். "முடி இல்லாம நேரா மண்டையில விழுது அண்ணே. அவ்வளவு சொகம்."

கவிதாவிடம் மூச்சு விடுவதில்லை என்று ஒப்பந்தம்.

ஜூலை 10, வியாழன்
காலையில் செல்விக்குக் குளிர். தெர்மாமீட்டரில் 101. சாரல் குளிர்தான் என்று நானே தீர்ப்பு. சுக்குக் காபி, ஒரு மாத்திரை. கவிதாவுக்குப் போன் போடவில்லை. போட்டால் அருவி வெளியே வந்துவிடும்.

மதியம் 103. அப்புறம்தான் போன். தென்காசி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கேட்டார்: "அருவி, ஆறு எங்கயும் குளிச்சீங்களா?"

செல்வி: "இல்லம்மா. வீட்லயேதான் இருந்தேன்."

என்னைக் காப்பாற்றுகிறாள், அந்த நடுக்கத்திலும். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று றெக்கை.

ஜூலை 11, வெள்ளி
காய்ச்சல் இறங்கவில்லை. நர்ஸிடம் பாடம் படித்தேன். கீமோ மருந்து வேகமாக வளரும் அணுக்களை அடிக்குமாம். புற்று எது, முடி எது என்று பார்க்காதாம். ரத்தத்தில் காவல் நிற்கும் வெள்ளை அணுவும் சேர்ந்து விழும். பத்தாம் நாள் வாக்கில் ரொம்பக் குறைவு. கோட்டையில் ஆளே இல்லாத நாள் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டவன் நான்.

"அருவித் தண்ணியிலயுமா சிஸ்டர்?" சும்மா கேட்பதுபோல.

"நமக்கு ஒண்ணும் செய்யாத கிருமிதான் அண்ணாச்சி. இவங்கள சாச்சிரும். எங்க தொத்துச்சுன்னு தெரிஞ்சா டாக்டருக்கு மருந்து முடிவு பண்ண லேசா இருக்கும்."

வராந்தாவில் கவிதா அழுதாள். "நாந்தான் மாமா. புதினாத் துவையல் அரைச்சுக் குடுத்தேன். சரியா கழுவலையோ என்னவோ."

"விடுட்டி," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எழுதவே கை கூசுகிறது.

ஜூலை 12, சனி
விடிந்ததும் போனேன். டாக்டரம்மா, பக்கத்தில் கவிதா. வாயில் ஒரு அலங்காரமும் வரவில்லை. "செவ்வாக்கிழமை ஐந்தருவிக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். வியாழக்கிழமை காய்ச்சலையும் காலையில இருந்து மதியம் வரைக்கும் மறைச்சேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. எழுதிக்கொண்டார். மருந்து ஒன்று கூடுதலாக ஏறியது. திட்டியிருக்கலாம். கவிதா என் பக்கம் திரும்பவே இல்லை.

கட்டிலிலிருந்து செல்வி: "ஏன்ணே சொன்ன? நாந்தான் சமாளிச்சேம்லா?"

ஜூலை 14, திங்கள்
காய்ச்சல் 99. அடுத்த கீமோ தள்ளிப்போகிறது. என்னால்.

மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். பிரிட்ஜில் புது வரி, கவிதா கையெழுத்து: அம்மாவை மாமாவுடன் தனியாக விடக் கூடாது.

இரண்டு தடவை படித்தேன். பேனா எடுத்து, அடியில் என் பெயர் எழுதினேன். மகாராஜா என்று போடவில்லை.