நோரா சாத்தாத யன்னல்

எப்போதும் எனக்கு இரண்டடி முன்னால் நடக்கும் பெரியண்ணாவுக்கு,

உங்களுக்கு ஒரு வழி மாற்றம் சொல்லவேண்டும். திங்கட்கிழமை உங்கள் அறைக்குப் புது ஆள் வருகிறாராம். கட்டிலை மாற்றிவிட்டார்கள். நீங்கள் கலண்டர் மாட்டிய ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. அவர் வருவதற்குள் உங்களுக்கு இதைத் தெரியப்படுத்த வேண்டும் என்றுதான் வீட்டுக் குசினியில் கதிரையை இழுத்துப்போட்டு எழுதுகிறேன்.

எல்லாம் நோராவின் யன்னலால் வந்தது. உங்கள் எதிர் அறை நோரா. அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்து, மெல்பனுக்கு வந்து ஆயுள் முழுக்க ஆங்கிலம் பேசிய மனுசி. மறதி நோய் அந்த ஆங்கிலத்தை முழுதாகத் துடைத்துவிட்டது. அடியில் மிஞ்சியது சின்ன வயதில் பேசிய ஐரிஷ் மட்டும். நீங்கள் இருந்த முதியோர் இல்லத்தில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. பிதற்றுகிறா என்றே நினைத்தார்கள்.

நான் உங்களுக்குச் சோறு கொண்டுவந்த ஒரு மத்தியானம், அவ "ஃபுன்யோக், ஃபுன்யோக்" என்று கையை நீட்டி அழுதா. நீங்கள் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப்போய் அவவின் யன்னலைத் திறந்தீர்கள். அழுகை நின்றது.

"எப்பிடி அண்ணா விளங்கினது?"

"நோர்வேயில மீன் பக்டரியில என்னோட நிண்ட கிழவன் யன்னலை வின்டௌகெ எண்டுதான் சொல்லுவான். காத்தின்ர கண். அந்தக் காலத்தில அவையின்ர ஆக்கள் கப்பல்ல போய் அந்தச் சொல்லை அயர்லாந்தில இறக்கிப்போட்டினம். நாங்கள் போர்த்துக்கேயனிட்ட யன்னலை வாங்கின மாதிரி."

"அப்ப எங்களிட்டச் சொந்தமா ஒண்டும் இல்லையோ?"

"காலதர் எண்டு நீதானே பிள்ளையளுக்குப் படிப்பிச்சனி? கால் எண்டாக் காத்து, அதர் எண்டா வழி. அவங்கள் காத்துக்குக் கண் வைச்சாங்கள், நாங்கள் வழி விட்டம்."

அன்றைக்குப் பிறகு நீங்கள் ஐரிஷ் படிக்கத் தொடங்கினீர்கள். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, அந்த வயதில்! நான் வந்தால் எனக்கும் பாடம். "அவைக்குப் பசிக்கிறேல்லை தங்கச்சி, பசி அவையின்ர மேல இருக்கும். கவலையும் அப்பிடித்தான், மேல வந்து ஏறி இருக்கும்." பொருளை வைத்திருப்பதற்கு அவர்களுக்கும் தனி வினைச்சொல் கிடையாது, நம்மைப் போல 'என்னிடம் இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோசப்பட்டீர்கள். ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லும் இல்லையாம். வருவாயா என்றால் வருவேன் என்று வினையைச் சொல்லியே தீரவேண்டும்.

"நல்ல காலம், அண்ணிக்கு இந்தப் பாஷை தெரியாமப் போச்சு. சும்மா ஓம் போட்டுத் தப்பேலாம நீங்கள் துலைஞ்சிருப்பீங்கள்" என்றேன். எவ்வளவு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பிலேயே இருமலும் வந்தது.

பின்னேரத் தேத்தண்ணி குடித்து முடிந்ததும் நீங்கள் நோராவிடம் தமிழில்தான் விடைபெறுவீர்கள். "போட்டு வாறன்." அது போவதும் வருவதும் சேர்ந்த சொல் என்று ஐரிஷில் விளக்கியும் இருந்தீர்கள். அவ அதைப் பிடித்துக்கொண்டா. பெற்ற மகளின் பெயரை மறந்த மனுசி, அந்த இரண்டு சொல்லை மறக்கவில்லை.

உங்கள் மூச்சு நின்ற பின்னேரம் அவ சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தா. கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவில் நின்ற என்னைக் கையால் விலக்கினா. யன்னலைத் திறந்தா. கை நுழையும் அளவுக்குத்தான் அது திறக்கும். குளிர் காற்று உங்கள் போர்வை நுனியைத் தூக்கியது. மறதி நோய்க்காரியின் செயல் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

செத்தவீடெல்லாம் முடிந்து உங்கள் சாமான்களை எடுக்கப் போனபோது, பராமரிக்கும் கவிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டா. மதுரைப் பிள்ளை. உங்களுக்கு அவவைத் தெரியும்.

"ஆன்ட்டி, நான் டெய்லி அந்த ஜன்னலைச் சாத்துறேன். திரும்பி வந்தா திறந்திருக்கு. ஹீட்டர் போட்டும் ரூம் ஐஸா இருக்கு."

"நோராவின்ர வேலையாத்தான் இருக்கும், பிள்ளை."

"பாதி நாள் அவங்கதான். ஆனா நேத்து அவங்க படுத்துத் தூங்கிட்டு இருந்தாங்க ஆன்ட்டி. நான்தான் போர்த்திவிட்டேன்."

கொளுக்கி தேய்ந்திருக்கும் என்றேன். கொளுக்கி தேய்ந்துதான் இருந்ததா, அண்ணா?

சிட்னியில் இருக்கும் நோராவின் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அது அவர்கள் ஊர் வழக்கமாம். உயிர் பிரிந்ததும் யன்னலைத் திறப்பார்கள், அது போகும் வழியில் ஒருவரும் நிற்கக்கூடாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் சாத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் போனது திரும்பி வந்துவிடும். அப்பா இறந்தபோது அம்மா தன் கையாலேயே சாத்தினா என்றாள். உங்கள் யன்னலை அவ சாத்தவேயில்லை என்றேன். அவளுடைய குரல் மாறியது. "அம்மாவா சாத்தவில்லை? அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியுமே."

இன்றைக்கு இல்லத்துக்குப் போனேன். உங்கள் அறையில், திறந்த யன்னலுக்கு முன்னால் நோரா. நீங்கள் படிப்பித்ததில் நினைவில் நின்ற ஒரே வசனத்தைச் சொன்னேன்: டா ப்ரோன் ஒரம். கவலை என்மேல் இருக்கிறது. அவ என் தோளைத் தட்டினா, தூசி தட்டுவதுபோல. பிறகு வெளியே விரலைக் காட்டி, தெளிவாக, "போட்டு வாறன்" என்றா.

நம் சனத்துக்கு அது வாய்ப் பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் சொல்வோம், 'போறன்' என்று சொல்ல நாக்குக் கூசும். அவவுக்கோ அது நீங்கள் கொடுத்த வாக்கு. உங்களுக்கு எது, அண்ணா? பழக்கமா, வாக்கா?

"நீங்களே சாத்திடுங்க ஆன்ட்டி. திங்கக்கிழமை அது திறக்காதபடி ஸ்க்ரூ போடப் போறாங்க. நோரா முன்னாடி போட்டா தாங்கமாட்டாங்க" என்றா கவிதா. கைப்பிடியில் கை வைத்தேன். முடியவில்லை. நாளைக்கு என் ஆங்கிலமும் துடைபட்டு, நான் 'யன்னல்' என்று அழுதால் யார் எழும்பி வருவார்கள் என்று அப்போது நினைத்தேன்.

நோராவை அவவுடைய அறைக்கு உருட்டிக்கொண்டு போனேன். அங்கே யன்னலைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்து, உங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்து, "எதிர் அறைக்கு வாங்கோ, அண்ணா" என்று சொல்லிவிட்டுச் சாத்தினேன். கொளுக்கி நன்றாகத்தான் பிடித்தது.

நடையில் வரும்போது நோராவின் குரல் கேட்டது. ஐரிஷில் ஏதோ கேட்கிறா. நிறுத்துகிறா. பிறகு, பதிலைக் கேட்டவர்போல, சிரிக்கிறா. கதவு பாதி திறந்திருந்தது. நான் உள்ளே பார்க்கவில்லை.

இனி வழி அதுதான். அவ இருக்கும்வரை அந்த யன்னலை ஒருவரும் சாத்தாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வராத நாளில் அவவுக்கு மறுமொழி சொல்ல ஐரிஷும் படிப்பேன். உங்கள் கம்பளிச் சால்வையை அவவின் கட்டிலின் கால்மாட்டில் போட்டிருக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் கடைசித் தங்கச்சி
நோபல் பார்க்